அமெரிக்காவில் ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நான் இந்து. அங்கே கல்வி வாழ்க்கை எப்படி இருக்கும்?

கற்பிப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் நன்றாகவே இருக்கும். உங்கள் கவலை முழுவதும் மதத்தைப் பற்றியதாகத் தெரிகிறது. அதில் பாதியையாவது அந்த நிறுவனத்தின் நிதிநிலைப் பக்கம் திருப்புங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் வேதியியல் படித்தேன். இப்போது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், கன்னியர் சபை ஒன்று தொடங்கிய சிறிய பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தைக் கற்பிக்கிறேன்.

முதலில் மதம். அமெரிக்காவில் ‘கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு இருப்பவை எல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிடக் கூடாது. இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் கல்லூரி போன்ற சுவிசேஷ சபை சார்ந்த இடங்களில் ஆசிரியர்கள் ஆண்டுதோறும், கிறிஸ்தவ நம்பிக்கைகளை ஏற்பதாகச் சொல்லும் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். நீங்களும் நானும் அங்கே விண்ணப்பிக்கவே முடியாது. 1964-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் மத நிறுவனங்களுக்குத் தங்கள் மதத்தினரையே பணியில் அமர்த்தும் விலக்கைத் தந்திருக்கிறது. ஆகவே அது சட்டப்படியும் சரிதான். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. 1967-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தலைவர் ஹெஸ்பர்க் அடிகளார் கூட்டிய கூட்டத்தில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு உண்மையான தன்னாட்சியும் கல்விச் சுதந்திரமும் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். திருச்சபைக்கு உள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனி ஆவணமே வெளியிட்டு, திருச்சபையோடு அவற்றுக்குள்ள உறவை வலியுறுத்தினார். ஆனால் ஆயரிடம் (பிஷப்) ஒப்புதல் பெறவேண்டும் என்ற விதி இறையியல் கற்பிக்கும் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே உரியது. வேதியியலோ கணிதமோ வரலாறோ கற்பிப்பவரை அது தொடுவதில்லை. பரிணாமக் கொள்கையைக் கற்பிக்க விடுவார்களா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. தாராளமாகக் கற்பிக்கிறார்கள். மரபியலுக்கு வழிவகுத்த மெண்டலே அகுஸ்தினார் சபைத் துறவிதானே.

அன்றாடத்தில் மதம் கண்ணில் படும். வகுப்பறைச் சுவரில் சிலுவை இருக்கும். துறைக் கூட்டம் சிறு செபத்தோடு தொடங்கும். கல்வி ஆண்டின் தொடக்கத்தில் தூய ஆவியார் திருப்பலி என்னும் வழிபாடு நடக்கும். பேராசிரியர்கள் பட்டமளிப்பு அங்கியோடு வரிசையாக உள்ளே போவார்கள். நானும் போவேன், திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணையை வாங்க மாட்டேன், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று மாணவர்கள் நெற்றியில் சாம்பலோடு ஆய்வகத்துக்கு வருவார்கள். திருநீறு பூசி வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தெரியவே இல்லை.

உரசல் வரக்கூடிய இடங்கள் வேறு. மருத்துவக் காப்பீட்டில் கருத்தடை, செயற்கைக் கருத்தரிப்பு போன்றவை விலக்கப்பட்டிருக்கலாம். உங்கள் மனைவியோடு உட்கார்ந்து காப்பீட்டு ஆவணத்தை முழுவதும் படியுங்கள். கருக்கலைப்பு போன்ற விஷயங்களில் வெளியிலிருந்து பேச்சாளரை அழைக்க நினைத்தால் நிர்வாகத்தோடு வாக்குவாதம் வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: மத நோக்கத்தால் கல்விச் சுதந்திரத்துக்கு வரம்பு உண்டென்றால், அதைப் பணி நியமனத்தின்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படி ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல நிர்வாகம் அந்தக் கேள்வியை மதிக்கும்.

இனி வேலை. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இங்கே முதல் ஆண்டு மூச்சு முட்டும். பருவத்துக்கு நான்கு பாடங்கள் என்பது சாதாரணம். உங்கள் வழிகாட்டி இரண்டோ ஒன்றோ கற்பித்திருப்பார். முதுநிலை மாணவர்கள் இல்லாததால் விடைத்தாள் திருத்தவோ ஆய்வகம் நடத்தவோ உதவியாளர் கிடையாது. கரைசல் கலக்குவதிலிருந்து மதிப்பெண் போடுவது வரை எல்லாம் நீங்களே. ஆசிரியர்கள் குறைவு என்பதால் ஒவ்வொருவரும் பல குழுக்களில் இருந்தாக வேண்டும். மாணவர்களில் கணிசமானோர் விளையாட்டு அணிகளில் சேர்வதற்காகவே வந்தவர்கள். சிறிய கல்லூரிகள் மாணவர் சேர்க்கையை அப்படித்தான் நிரப்புகின்றன. வெள்ளிக்கிழமை பிற்பகல் பாதி வகுப்பு பஸ் ஏறிப் போய்விடும். அவர்களுக்குத் தனியாகத் தேர்வு வைக்க வேண்டியிருக்கும்.

ஆராய்ச்சி செய்ய முடியுமா? முடியும், ஆனால் அதன் வேகமும் அளவும் மாறிவிடும். இளநிலை மாணவர்களைக் கொண்டு கோடை விடுமுறையில் செய்வதுதான் ஆராய்ச்சி. தேசிய அறிவியல் அறக்கட்டளை இத்தகைய கல்லூரிகளின் ஆய்வுகளுக்கென்று தனி நிதித் திட்டமே வைத்திருக்கிறது. நியமனத்தின்போது அந்த விண்ணப்பத்தை எழுதப் பாடச்சுமைக் குறைப்பு கேட்டு வாங்குங்கள். டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டில் கற்பித்தலுக்கே முதல் இடம். நிறுவனத்தின் நோக்கத்துக்கு நீங்கள் எப்படிப் பங்களித்தீர்கள் என்றும் ஒரு பகுதி எழுதச் சொல்வார்கள். அது மதமாற்றத்துக்கான முன்னோட்டம் என்று ஊரில் ஒரு நண்பர் பயமுறுத்தினார். நான் அதில் எழுதியது, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பிப்பதைப் பற்றி. பல்கலைக்கழகத்தை நிறுவிய கன்னியர் எந்தப் பணிக்காக வந்தார்களோ அதே பணி அது. குழு மனமார ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு சுமையையும் தாண்டி நான் இங்கேயே இருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களில் பலர் செவிலியர் படிப்புக்கு வந்தவர்கள். எந்தத் துறையில் சேர்ந்தாலும் இறையியலும் மெய்யியலும் கட்டாயப் பாடங்கள். ஒரு நாள் வகுப்பில் மார்ஃபின் அளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி கையை உயர்த்தி, “சாகும் தறுவாயில் இருப்பவருக்கு வலி தீர அளவைக் கூட்டினால் உயிர் முன்னதாகப் போகக்கூடும் என்று தெரிந்தே கூட்டலாமா?” என்று கேட்டாள். அந்த வாரம் மெய்யியல் வகுப்பில் இடைக்கால இறையியலாளர் அக்குவினாவின் தோமாவைப் படித்திருந்தார்கள். ஒரே செயலுக்கு நாம் விரும்பும் விளைவு ஒன்றும் விரும்பாத விளைவு ஒன்றும் இருந்தால், நம் நோக்கத்தைக் கொண்டு அதை எப்படி எடை போடுவது என்பது அவர் எழுப்பிய சிக்கல். இன்னொரு மாணவன், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் மயக்கவியல் மருத்துவர்களிடம் இதைப் பற்றியே பேசியிருக்கிறார், வலியைத் தணிப்பதே நோக்கமாக இருந்தால் கொடுக்கலாம் என்றார் என்று சொன்னான். சட்டம் படிக்க விரும்பும் ஒருவன் அதை ஏற்கவில்லை. நோக்கத்தை யார் அளப்பது என்று கேட்டான். மணி அடித்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் நான் உதவியாளராக இருந்தபோது அந்தக் கேள்வியை ‘பாடத்துக்கு வெளியே’ என்று ஒதுக்கியிருப்போம். இங்கே அது பாடத்துக்கு உள்ளே இருக்கிறது. மறுநாள் மதிய உணவின்போது மெய்யியல் பேராசிரியரிடம் சொன்னேன். நாங்கள் இருவரும் சேர்ந்து அடுத்த பருவத்துக்கு ஒரு பாடமே அமைத்தோம். துறைகளுக்கு இடையே சுவர் எழுப்ப ஆளில்லாத அளவுக்குச் சிறிய இடம் என்பது இப்படியும் பயன்படுகிறது. நம்பிக்கை இல்லாத மாணவர்கள்கூட இந்தப் பேச்சில் தயங்காமல் கலந்துகொள்வதைப் பார்க்கிறேன்.

இப்போது நிதிநிலை. நம் ஊர்க் கத்தோலிக்கக் கல்லூரியை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். அங்கே அரசு உதவிபெறும் பணியிடத்துக்குச் சம்பளத்தை அரசு தருகிறது. சவேரியார் கல்லூரியில் என் ஆசிரியர்களில் பலர் அப்படிச் சம்பளம் வாங்கியவர்கள்தான். இங்கே சிறிய பல்கலைக்கழகம் பெரும்பாலும் மாணவர் கட்டணத்தில்தான் நிற்கிறது. அந்தக் கட்டணமும் அறிவிப்பில் உள்ள தொகை அல்ல. தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் சலுகையாகப் போய்விடுகிறது. ஒரு காலத்தில் கன்னியர் சம்பளம் வாங்காமலே கற்பித்து, சமைத்து, கணக்கெழுதி இந்த நிறுவனங்களைத் தாங்கினார்கள். 1965-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,80,000 கன்னியர் இருந்தார்கள். இன்று 40,000-க்கும் குறைவு. அவர்கள் இலவசமாகச் செய்த வேலைக்கெல்லாம் இப்போது சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2008-க்குப் பிறகு பிறப்பு விகிதம் இறங்கியதால் கல்லூரி வயதுப் பிள்ளைகளும் குறையத் தொடங்கிவிட்டார்கள்.

விளைவைப் பெயர் சொல்லியே காட்டலாம். ஓக்லண்டின் ஹோலி நேம்ஸ் பல்கலைக்கழகம் 1868-இல் தொடங்கியது, 2023-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு மில்வாக்கியின் கார்டினல் ஸ்ட்ரிச் பல்கலைக்கழகமும் மூடியது. நூறாண்டு கண்ட செயின்ட் லூயிஸ் நகரின் ஃபான்போன் பல்கலைக்கழகம் 2025-இல் வகுப்புகளை முடித்துக்கொண்டது. இவை மூன்றையும் தொடங்கியவர்கள் கன்னியர்களே. அந்த நிறுவனங்கள் போனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அங்கே படித்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வேறு இடம் எளிதில் கிடைக்காது.

ஆகவே கையெழுத்திடும் முன் கணக்கைப் பாருங்கள். இலாப நோக்கற்ற பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் படிவம் 990 பொதுவில் கிடைக்கும். தொடர்ந்து பல ஆண்டுகள் வரவைவிடச் செலவு கூடுதலாக இருக்கிறதா, முதலாண்டுச் சேர்க்கை சரிகிறதா என்று பாருங்கள். அமெரிக்க அரசின் கல்வித் துறை ஒவ்வொரு தனியார் கல்வி நிறுவனத்துக்கும் −1 முதல் 3 வரை ஒரு நிதிப் பொறுப்பு மதிப்பெண் போடுகிறது, 1.5-க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நேர்காணலில் துறைத்தலைவரிடம், கடந்த சில ஆண்டுகளில் எந்தத் துறைகளை மூடினீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

இது உங்களுக்கும் எனக்கும் இங்கே பிறந்தவர்களைவிட முக்கியம். வெளிநாட்டவர் வேலை செய்வதற்கான எச்-1பி விசா பல்கலைக்கழகப் பணிக்கு என்றால் ஆண்டு உச்சவரம்புக்குள் வராது, குலுக்கல் இல்லை. அது பெரிய வசதி. ஆனால் கல்லூரி மூடினால் அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு வேலை தேடவோ, விசாவை மாற்றவோ, நாட்டைவிட்டுப் போகவோ வேண்டும். இலாப நோக்குள்ள தனியார் நிறுவனத்துக்கு மாறப் பார்த்தால், அதுவரை உச்சவரம்பில் எண்ணப்படாதவர் குலுக்கலுக்குள் வந்தாக வேண்டும். கல்லூரி ஆசிரியர்களுக்கான நிரந்தரக் குடியிருப்பு நடைமுறையில் ஒரு சலுகை உண்டு: உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், அந்தப் பணிக்கு மறுபடி விளம்பரம் செய்து ஆள் தேட வேண்டியதில்லை. சிறிய நிறுவனங்களில் இதைக் கவனிக்கத் தனி அலுவலர் இருப்பதில்லை, தேதி நழுவிவிடும். விண்ணப்பம் எப்போது போகும், வழக்கறிஞர் கட்டணத்தை யார் தருவார்கள் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.