கொலு பொம்மை விற்பவர்கள் சீசனுக்கு பேக்கிங் வேலையை வெளியே கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் கேட்டலாக் அனுப்பி விற்பதாகவும், ஆவணி, புரட்டாசி தவிர மற்ற மாதங்களில் ஆர்டர் சொற்பம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக வருடம் முழுக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாதுதான். ஆனால் எல்லா வேலையையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தவர் சரக்கை வைத்திருந்து, ஆர்டர் வந்ததும் எடுத்து பேக் செய்து அனுப்பும் கிடங்கில்தான் நான் வேலை பார்க்கிறேன். செட் சேர்க்கும் வேலை மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். தசாவதார செட்டில் மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் மேலே ஒரே பெருமாள் முகம். இடுப்புக்குக் கீழேதான் மீனும் ஆமையும். உதிரியாக அனுப்பினால், சீசனுக்கென்று புதிதாகச் சேர்ந்த பையன் அவசரத்தில் இரண்டு கூர்மத்தை வைத்துவிடுவான். மகாளய அமாவாசையன்று படி கட்டி அடுக்கும்போதுதான் வாங்கியவருக்கே தெரியும். அதற்கப்புறம் மாற்றி அனுப்பி என்ன பயன்? பத்தையும் நீங்களே சரிபார்த்து, பெட்டியை ஒட்டி, ஒரே பார்கோடு போட்டுக் கொடுங்கள்.

1999 கிறிஸ்துமஸுக்கு ஆன்லைன் ஆர்டர்களைச் சொன்ன நேரத்தில் அனுப்ப முடியாமல் திணறிய அமெரிக்க பொம்மைக் கடை நிறுவனமான டாய்ஸ் ஆர் அஸ், 2000 ஆகஸ்டில் அமேசானுடன் கைகோத்தது. கிடங்கும் அனுப்புவதும் அமேசான் பொறுப்பு. எந்த பொம்மையை எவ்வளவு வாங்குவது என்பதை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. பிற்பாடு அந்த ஒப்பந்தம் வழக்கில் முடிந்தாலும், வேலையைப் பிரித்த விதம் சரி என்றே நினைக்கிறேன்.

ரேட் பேசும்போது ஆர்டருக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். குறைந்தபட்ச மாதக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் லாபத்தைத் தின்பது அதுதான். காகிதக்கூழ் பொம்மை எடை கம்மி, ஆனால் கூரியர்காரர்கள் பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. மூன்று பக்கமும் 40 செ.மீ. உள்ள பெட்டியில் 3 கிலோதான் இருந்தாலும் 12.8 கிலோவுக்குப் பில் வரும்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால், கிடங்கு முகவரியைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்த பிறகே சரக்கை இறக்குங்கள். ஆடி முடிவதற்குள் இறக்கிவிடுவது நல்லது. புரட்டாசியில் பெரிய ஆன்லைன் தளங்களின் பண்டிகைத் தள்ளுபடியும் சேர்ந்துகொள்ளும், கிடங்கில் நிற்க இடமிருக்காது. எத்தனை மணிக்குள் வந்த ஆர்டர் அன்றே கிளம்பும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.