ஹத்தாத்: கொல்லுப்பட்டறையிலிருந்து வந்த குடும்பப் பெயர்

கேள்வி: பிரேசில் நாட்டில் 2023இல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற பெர்னாண்டோ ஹத்தாத்தின் பெயர் அரபுப் பெயர் என்கிறார்களே, அதன் பொருள் என்ன? அப்பெயருடையோர் இன்று எங்கெங்கு வாழ்கின்றனர்?
- வாசகர், இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்

பதில்: இரும்புத்தாதுக்குப் பேர்போன கஞ்சமலையின் அடிவாரத்து ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருப்பது மிகப் பொருத்தம், ஹத்தாத் என்றால் கொல்லர் என்றுதான் பொருள். அரபியில் இரும்புக்கு ‘ஹதீத்’ என்று பெயர்; திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயமும் அப்பெயரையே கொண்டது. தச்சரைக் குறிக்கும் ‘நஜ்ஜார்’ போன்று இதுவும் தொழிலால் அமைந்த பெயராதலால், ஒரே குலத்துக்கு உரியதன்று; பட்டறை இருந்த ஊர்களிலெல்லாம் தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும். பெயரை வைத்து மதத்தைக் கணிப்பதும் தவறு. லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம் ஆகிய இடங்களில் கிறிஸ்தவர் பலரும், அல்ஜீரியா, துனிசியா நாடுகளில் முஸ்லிம்களும், வட ஆப்பிரிக்க வழிவந்த யூதர்களும் இப்பெயரைத் தாங்குகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் லெபனான், சிரியாப் பகுதிகளிலிருந்து கப்பலேறியவர்கள் இதனைப் பிரேசில், அர்ஜென்டினா, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். பெர்னாண்டோவின் தந்தையும் லெபனானிலிருந்து குடியேறியவரே. கிழக்கே, ஏமனின் தரீம் நகர்ப் பகுதியில் வாழ்ந்த சூஃபி அறிஞர் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்-ஹத்தாத் (1634–1720) குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் வாழ்கின்றனர். அவர் தொகுத்த ‘ராத்திபுல் ஹத்தாத்’ என்னும் பிரார்த்தனைத் தொகுப்பு கேரளத்தில் இன்றும் ஓதப்படுகிறது.