வாசகர் கேள்வி: ரூன் எழுத்துல டாட்டூ போடலாமா?

கேள்வி: சார், ரூன் எழுத்துல ஒண்ணு பச்சை குத்தலாம்னு இருக்கேன், ஃப்ரெண்டு அது நாஜி சின்னம்ங்கிறான், உண்மையா?

பதில்: பாதி உண்மைங்க. ரூன்ங்கிறது வட ஐரோப்பாவுல கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முந்தியே கல்லுல செதுக்கின எழுத்து, அதுல பெரும்பாலும் ஆள் பேரு, செத்தவங்க ஞாபகம்னுதான் இருக்கும், இனவெறிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 1900கள்ல ஆஸ்திரிய எழுத்தாளர் கீடோ ஃபான் லிஸ்ட் தன் கற்பனையில 18 ரூன் கொண்ட புது வரிசையே உருவாக்கினாரு, ஹிட்லரோட தளபதி ஹிம்லர் நடத்தின எஸ்எஸ்ங்கிற நாஜி படை போட்டுக்கிட்ட அந்த இரட்டை மின்னல் சின்னம் இந்த வழியில வந்ததுதான். ஓடல்ங்கிற ரூனை எஸ்எஸ்ஸோட 7வது டிவிஷன் எடுத்துக்கிச்சு, 2016ல ஒரு அமெரிக்க நியோ நாஜி கும்பல் ஸ்வஸ்திகாவுக்குப் பதிலா அதையே மாட்டிக்கிச்சு. வயிறு எரியுதுங்க, ஏன்னா ஐஸ்லாந்துல 1972ல தொடங்கின ஆசாத்ருங்கிற சங்கத்துக்காரங்க வட ஐரோப்பாவோட அந்தப் பழைய தெய்வங்களை நிஜமாவே கும்பிடுறவங்க, இனவெறிக்கு எங்ககிட்ட இடமில்லன்னு சொல்லிட்டே இருக்காங்க. நீங்க ஓடல், அதே மாதிரி நாஜிங்க எடுத்துக்கிட்ட டிர்ங்கிற இன்னொரு ரூன், ரெண்டையும் தவிர்த்துடுங்க, இரட்டை மின்னல் வேண்டவே வேண்டாம், ஜெர்மனியில அதை வெளியில காட்டினா கேஸ்தான்.