பழைய பாம் ஸையர் 1,800 ரூபாய்க்கு வருகிறது; வாங்கலாமா?

கேள்வி: நான் மருந்து கம்பெனி ரெப். ஐந்து லைன் (டாக்டர்களைப் பார்க்கச் சுற்றும் பாதை), 160 டாக்டர்கள். எந்த டாக்டர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ரெப்பைப் பார்ப்பார் என்பதெல்லாம் போனில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கப் போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் மேனேஜர், அப்புறம் ரீல்ஸ், அரை மணி நேரம் காலி. பழைய சாமான் விற்கும் ஆப்பில் ஒருவர் 'பாம் ஸையர்' என்ற கையடக்க ஆர்கனைசரை 1,800 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். சார்ஜரோடு தருகிறாராம், நன்றாக வேலை செய்கிறதாம். வாங்கலாமா?

பதில்: 1,800 ரூபாய் போனால் போகிறது. அதற்குள் நீங்கள் உட்கார்ந்து ஏற்றப்போகும் 160 டாக்டர்களின் விவரம் போனால்தான் வயிறு எரியும். அதனால் 'இதில் என்னென்ன வசதி' என்பதை விட, போட்டதை இது பத்திரமாக வைத்திருக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாம் (Palm) என்பது கையடக்க ஆர்கனைசர்கள் செய்த அமெரிக்க கம்பெனி. அதன் ஸையர் 2002 அக்டோபரில் அமெரிக்காவில் 99 டாலருக்கு வந்தது. நூறு டாலருக்குள் வந்த முதல் பாம் இதுதான். விலையை அங்கே கொண்டுவர நிறைய வெட்டினார்கள். நினைவகம் வெறும் 2 எம்பி. திரை கறுப்பு வெள்ளை. மற்ற பாம்களில் நான்கு பட்டன் இருந்த இடத்தில் இதில் இரண்டுதான்: ஒன்று டேட் புக் (நாட்காட்டி), இன்னொன்று அட்ரஸ் புக் (முகவரிப் பட்டியல்). மெமரி கார்டு போட இடமில்லை. உங்கள் வேலைக்கு இந்த வெட்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பெயர், கிழமை, நேரம் மட்டும் போட்டால் 160 பேர் அந்த 2 எம்பியின் ஒரு மூலைக்குக் கூடக் காணாது.

உங்களுக்கு இது எங்கே உதவும் என்று சொல்கிறேன். ஒரு டாக்டர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் மட்டும்தான் ரெப்பைப் பார்ப்பார் என்று வையுங்கள். டேட் புக்கில் ஒரு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் பெயரைப் போட்டு, 'ரிப்பீட்' என்பதில் மாதம், கிழமைப்படி என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டாவது செவ்வாயில் அவர் தானாக வந்து உட்கார்ந்துவிடுவார். டூர் ப்ரோக்ராம் (பயணத் திட்டம்) போடும்போது இதன் அருமை தெரியும். அட்ரஸ் புக்கில் பெயர் மாற்றிக்கொள்ளக்கூடிய நான்கு காலி கட்டங்கள் உண்டு. 'கிழமை', 'நேரம்' என்று வைத்துக்கொள்ளலாம். 15 பிரிவுகள் வரை சொந்தமாக உண்டாக்கலாம், உங்கள் ஐந்து லைனுக்கு அது தாராளம். பட்டனை அழுத்திய அடுத்த நொடி பக்கம் திறந்துவிடும்.

குறைகளில் உங்களை நேராக அடிக்கப்போவது திரைதான். இதில் பின்விளக்கே கிடையாது. வெயிலில் அச்சடித்த தாள் மாதிரி பளிச்சென்று தெரியும். ஆனால் நீங்கள் டாக்டரைப் பார்ப்பது எப்போது? ராத்திரி ஓ.பி. முடிந்து எட்டரை, ஒன்பது மணிக்கு, கிளினிக் வராந்தா பெஞ்சில். அங்கே இருப்பது ஒரே ஒரு டியூப்லைட். அதன் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் தெரியும், இல்லாவிட்டால் சாம்பல் கண்ணாடிதான்.

இரண்டாவது குறை இன்னும் மோசம். ஸையர் எல்லாவற்றையும் சாதாரண ரேமில் வைக்கிறது. பேட்டரி அடியோடு தீர்ந்தால் அத்தனையும் அழியும். பேட்டரியோ உள்ளேயே பொருத்தியது, கழற்றிப் போடுகிற ரகம் இல்லை. இருபது வருடம் தாண்டிய பேட்டரி என்ன நிலையில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இதில் சூடு பட்ட அனுபவம் உண்டு. தொண்ணூறுகளில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு டிஜிட்டல் டைரி கொண்டுவருவார்களே, அப்படி மாமா கொடுத்த ஒன்று என்னிடம் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். பட்டன் செல் மாற்றலாம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினேன். தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சொந்தக்காரர்கள் நம்பர் அத்தனையும் போச்சு. அம்மாவின் பழைய நோட்டுதான் மானத்தைக் காப்பாற்றியது.

ஆகவே விற்பவரிடம் ஒன்று சொல்லுங்கள்: முதல் நாள் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் கழற்றி வைக்கட்டும், நீங்கள் சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஆன் செய்ததும் தேதியும் நேரமும் சரியாக இருந்தால் பேட்டரி தாக்குப்பிடிக்கிறது. வரவேற்புத் திரை வந்து, தேதி போடு என்று கேட்டால் நடுவில் செத்துப் பிழைத்திருக்கிறது. விலை பேசாமல் கிளம்பி வந்துவிடுங்கள். அடுத்து, ப்ரெஃப்ஸில் (அமைப்புகள் பக்கம்) 'டிஜிட்டைஸர்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து, வருகிற குறிகளின் நடுவில், திரையில் எழுதுவதற்கான குச்சியால் தொட்டுவிட்டு, பிறகு திரையின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் தொட்டால் வேறு இடம் விழித்துக்கொண்டால் அது திரும்பத் திரும்பத் தொல்லை தரும். குச்சி இல்லை என்று பால்பாயிண்ட் பேனாவைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்; கீறல் விழுந்துவிடும்.

டிசிஆர் (தினசரி சந்திப்பு அறிக்கை) போட எப்படியும் கம்பெனி ஆப்தானே? போன் பையில் இருக்கத்தான் போகிறது. அதை வெளியே எடுக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு ஸையரிடம் மருந்து இல்லை.

கேள்வி: கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் அழிந்தாலும் கவலையில்லையே? என் லேப்டாப் விண்டோஸ் 11.

பதில்: அந்த லேப்டாப்பில்தான் சிக்கல். பிரதி எடுப்பதை 'ஹாட்சிங்க்' என்பார்கள்; பாம் டெஸ்க்டாப் என்ற மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் உங்கள் விண்டோஸ் 11 போன்ற 64 பிட் விண்டோஸில் யுஎஸ்பி வழியாகப் பேச வேண்டிய டிரைவர் என்ற இணைப்பு மென்பொருளைப் பாம் கம்பெனி வெளியிடவே இல்லை. பாமை 2010-ல் எச்பி வாங்கி, அடுத்த வருடமே பாம் வழி வந்த போன்களையும் டேப்லெட்டையும் நிறுத்திவிட்டது. இனி அவர்கள் வெளியிடப்போவதும் இல்லை. வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற பழைய பெட்டி ஏதாவது பரணில் கிடந்தால் அதை இறக்குங்கள். லினக்ஸ் பழக்கம் உண்டென்றால் ஜே-பைலட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் ஸையரை மட்டும் நம்பி டாக்டர் லிஸ்ட் ஏற்றாதீர்கள். ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு குயர் நோட்டிலும் எழுதி வையுங்கள். அப்போது, நோட்டே போதுமே என்று தோன்றும். தோன்றட்டும்.

கேள்வி: அதே ஆப்பில் இன்னொருவர் பாம் இசட்-22 வைத்திருக்கிறார், 3,000 கேட்கிறார். எம்-100 என்று ஒன்றும் 1,200-க்கு இருக்கிறது. எது தேவலை?

பதில்: இசட்-22. யோசிக்கவே வேண்டாம். 2005-ல் அதுவும் 99 டாலருக்குத்தான் வந்தது, ஆனால் உள்ளே வேறு சரக்கு. கலர்த் திரை, விளக்கு உண்டு, வராந்தா பிரச்சினை தீர்ந்தது. முக்கியமாக அதன் நினைவகம் ஃபிளாஷ். பேட்டரி தீர்ந்தாலும் போட்டது அப்படியே இருக்கும். பேட்டரி சோதனை இதற்கும் உண்டு, விட்டுவிடாதீர்கள். 2,500-க்குக் கேட்டுப் பாருங்கள்.

எம்-100 ஸையருக்கும் மூத்தது, 2000-ல் வந்தது. இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும், பெட்டிக்கடையிலேயே வாங்கிப் போடலாம், பின்விளக்கும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரோடு சேர்க்க அதற்குப் பழைய சீரியல் கம்பி. அதைத் தேடி அலைவதற்குள் இரண்டு லைன் முடித்துவிடலாம்.

கேள்வி: தமிழில் எழுத முடியுமா?

பதில்: பாமில் உள்ளபடி முடியாது. ஆங்கிலத்தையே அது சொல்லுகிறபடிதான் எழுத வேண்டும். 'கிராஃபிட்டி' என்று பெயர். பெரும்பாலும் குச்சியை எடுக்காமல் ஒரே இழுப்பு. குறுக்குக் கோடு போடாத கூரை மாதிரி இழுத்தால் அது ஏ. ஓரிரு நாளில் கை பழகிவிடும். பிடிக்காவிட்டால் திரையில் விசைப்பலகை வரவைத்துத் தட்டலாம். ஸையரில் மெமோ ஒன்றுக்குச் சுமார் 4,000 எழுத்துதான் எல்லை, உங்கள் குறிப்புகளுக்கு அது போதும்.

கேள்வி: வாங்கிய பிறகு கெட்டுப்போனால் புகார் கொடுக்கலாமா? எத்தனை வருடம் உழைக்கும்?

பதில்: கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டு வழி கேட்கலாம். வீட்டில் கிடந்ததை விற்கிறவர் வியாபாரி இல்லை. அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் வழக்கு நிற்பதே கஷ்டம். பணத்தை முன்கூட்டி அனுப்பாமல், கையில் வாங்கிப் பார்த்துக் கொடுப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே கியாரண்டி.

உழைப்பு பேட்டரியைப் பொறுத்தது. அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு கணக்கு உண்டு: பாமின் நாட்காட்டி 1904-ல் ஆரம்பித்து 2031 டிசம்பர் 31-ல் முடிகிறது. அதற்கு மறுநாள் உங்கள் இரண்டாவது செவ்வாய் டாக்டரைப் போட டேட் புக்கில் பக்கம் இருக்காது.