பவர் தையல் மிஷின் மிதித்தவுடன் பாய்கிறது; மெதுவாக ஓட்ட வழி உண்டா?

பழகினால் சரியாகிவிடும் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். பழகி முடிப்பதற்குள் கெடுகிற துணிக்கு யார் பொறுப்பு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நீங்கள் கால் மிஷினில் கை பழகியவர், ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய பழைய மிஷினை மேசையோடு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் கதை அதுதான். சுவிட்சைப் போட்டதுமே, மிதிக்காமலே, மேசைக்கு அடியில் இரைச்சல் கேட்கிறதா? அப்படியென்றால் அது கிளட்ச் மோட்டார். அது எந்நேரமும் முழு வேகத்தில்தான் சுற்றும். நாம் மிதிப்பது அந்தச் சுழற்சியோடு பெல்ட்டைக் கோத்துவிட மட்டுமே. பாதி மிதித்துப் பாதி வேகம் எடுப்பதற்குக் காலில் தனி நிதானம் வேண்டும். கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓட்டும் பெண்களுக்கு அது உண்டு. அவர்கள் இதைப் படித்தால் சிரிக்கட்டும். அவர்கள் நாள் முழுவதும் ஒரே தையலை நேராக ஓட்டுகிறவர்கள். என்னிடம் வருவதோ காலையில் ஜெர்கின் ஜிப், மத்தியானம் பள்ளிச் சீருடை, சாயங்காலம் ரெக்சின் பை.

நான் ஊட்டி காந்தலில் தைக்கிறேன். 2016இல் திருப்பூரிலிருந்து ஒரு ஜுகி சிங்கிள் நீடில் மிஷினைச் சரக்கு வேனில் மேலே கொண்டுவந்தோம். வந்த மூன்றாம் வாரம், எனக்குப் பழக்கமான தோடர் அக்கா ஒருவர் பூவேலை செய்த துணி கொண்டுவந்தார், கைப்பையாகத் தைக்க. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாக நூல் வேலை. அடியில் கோலம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி கோப்பார்கள். ஒரு பைக்கான துணி என்றால் எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூலை திருப்ப இன்னும் ஒரே ஒரு தையல் தேவை. கால் கட்டைவிரலால் மிதியை லேசாகத்தான் அழுத்தினேன். மிஷின் நான்கு அங்குலம் ஓடிக் கறுப்புக் கரையின்மேல் ஏறி நின்றது. தையலைப் பிரித்துப் பார்த்தால் ஊசி பூவேலை நூலைப் பல இடங்களில் பிளந்திருந்தது. அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நகத்தால் இழைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “எடுத்துப் போய்ச் சரிசெய்து வருகிறேன்” என்றார். பதினொரு நாள் கழித்து வந்தார். நான் கூலி வாங்கவில்லை. வாங்காததால் மனம் ஆறிவிட்டதா என்றால், இல்லை.

அடுத்த பாவத்தை என் கொழுந்தனார் செய்தார். மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருப்பதுபோல் இதற்கும் ஒன்று போட்டால் என்ன என்று பழைய ரெகுலேட்டரைக் கழற்றி மோட்டாரில் மாட்டினார். மோட்டார் உறுமியது, சுற்றத் திணறியது, பத்து நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. ரீவைண்டிங் செய்தவர்தான் விளக்கினார்: இவ்வகை மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகத்தைவிட வலுதான் முதலில் போகும், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடாகும். தயவுசெய்து இதைச் செய்துபார்க்காதீர்கள்.

செலவில்லாத வழி முதலில். மிதியிலிருந்து மேலே போகும் கம்பி, மோட்டாரின் நெம்புகோலில் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். வெளி ஓட்டைக்கு மாற்றினால் மிதி அதிக தூரம் இறங்கும். நிதானம் கொஞ்சம் கூடும்.

அடுத்தது புல்லி, அதாவது மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம். என் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2850 சுற்று. அதிலிருந்த புல்லி 90 மில்லிமீட்டர், மிஷின் சக்கரத்தில் பெல்ட் ஓடும் இடம் 75. பெருக்கி வகுத்தால் நிமிடத்துக்கு 3420 தையல். 50 மில்லிமீட்டர் புல்லி மாட்டினேன், 1900 ஆனது. வேகம் குறைந்த அளவுக்கு ஊசியின் வலு கூடும் என்பது உபரி லாபம். ஆனால் பெல்ட் தளர்ந்துவிடும். மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் சிறிய பெல்ட் வாங்க வேண்டும். பட்டனைத் தட்டிய கதையாக ஒவ்வொரு தையலாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாய்வது பாதியாகும், அவ்வளவுதான்.

முழு நிம்மதி வேண்டுமென்றால் சர்வோ மோட்டார்தான். நான் 2021இல் மாற்றினேன். மிதித்தால்தான் சுற்றும், மற்ற நேரம் சத்தமே இல்லை. உச்ச வேகத்தைக் குமிழில் கட்டிவைக்கலாம். மட்டமான சர்வோ மெதுவாக ஓடும்போது வலுவில்லாமல் ரெக்சின் மடிப்பில் நின்றுவிடும் என்பார்கள், அது உண்மைதான். அதற்கும் சிறிய புல்லியே மருந்து. வாங்கும்போது சுழலும் திசையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேல்சக்கரம் நம்மை நோக்கிச் சுற்ற வேண்டும். மெக்கானிக்குகள் சொல்லாத ஒன்று: இந்த மிஷின்கள் தாமே எண்ணெய் இறைத்துக்கொள்பவை, வேகத்தை நம்பிச் செய்யப்பட்டவை. எப்போதும் ஊர்ந்துகொண்டே இருந்தால் எண்ணெய் மேலே ஏறாமல் போகலாம். தலையிலுள்ள கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பது தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் துணியில்லாமல், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து, சற்று வேகமாக ஓட்டுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் போன சீசனில் ஒரு கடைக்காரர் அதே கறுப்பு சிவப்புக் கோலத்தை அச்சடித்த துணியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, பை ஒன்றுக்கு 25 ரூபாய் கூலி, இருநூறு பை என்றார். நான் மறுத்தேன். வேறு யாரோ தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘தோடர் கைவேலை’ என்று சீட்டு ஒட்டித் தொங்குவதைப் பார்த்தேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். வாடகை எனக்கும்தான் இருக்கிறது.

அந்த அக்கா இன்னும் என்னிடம்தான் தைக்கக் கொடுக்கிறார். வந்தால் முதலில் மேசைக்கடியில் குனிந்து குமிழைக் கடைசிவரை குறைத்து வைப்பார். அதன் பிறகுதான் பையிலிருந்து துணியை எடுப்பார்.