பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ராத்திரி எட்டு மணிக்கு மட்டும், நிலம் அளக்கும் சர்வே ஜிபிஎஸ் நிலையில்லாம ஆடுவதற்கு
சூரியப் புயல் காரணமில்லைங்க. சூரியனிலிருந்து கயிறு மாதிரி முறுக்கிய காந்தப்புலத்தோடு கிளம்பும் பிழம்பு பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் பூமிக்கு வரும், அடிச்சுட்டுப் போயிடும். தினமும் மணி பார்த்து வராது.

அநேகமா இது நம்ம தலைக்கு மேலேயே நடக்குது. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) நமக்குத் தெற்கே, இந்தியாவின் தென்முனைப் பக்கம் போகுது. அந்தக் கோட்டை ஒட்டிய இடங்களில், பொழுது சாய்ஞ்சதும் அயனி மண்டலத்தில் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கில்) குமிழிகள் எழும்பி சிக்னலைச் சிதறடிக்கும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில் இந்தத் தொல்லை அதிகம்.

இன்னிக்கு ராத்திரி கேபி (Kp) குறியீட்டை, அதாவது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு காட்டும் எண்ணைப் பாருங்க. 5க்குக் கீழே இருந்தும் ஆர்டிகே ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் பிடிபடுவது) போனா, புயல் மேல பழி போட வேண்டாம். அதே புள்ளியைக் காலை ஏழுக்கு மறுபடி அளந்துடுங்க.

பகலிலும் ஆடினா, ஆன்டெனாவுக்கு மேலே தென்னை மட்டை இருக்கான்னு முதல்ல பாருங்க. (நான் ரெண்டு நாள் அப்படித்தான் ஏமாந்தேன்.)