கடைசித் தவணையும் அப்பாவின் நோட்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருஷமாக வீட்டிலிருந்தபடியே இணையத்தளமும் கைப்பேசிச் செயலியும் செய்து தருகிறேன். ஈப்போவில் ஒருவருக்கு 6,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு செயலி பேசி, முடித்துக் கொடுத்து நான்கு மாதமாகிறது. கடைசித் தவணை 3,000 வெள்ளி வரவில்லை. “இதை மட்டும் சின்னதா மாத்திக் குடு தம்பி” என்ற செய்திதான் வாரந்தவறாமல் வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. பினாங்குக்குப் போய்த் தொழிற்சாலையில் சேரச் சொல்கிறார் அம்மா. செயலி எழுத நான் பயன்படுத்தும் ஃபிளட்டரை விட்டுவிட்டு, இன்னொரு கருவியான ரியாக்ட் நேட்டிவ் படித்தால் நல்ல வேலை வருமா? இந்த ஊரில் இருந்துகொண்டே இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

ஃபிளட்டர் கைக்குப் பழகியிருந்தால் அதிலேயே இருங்கள். எதில் எழுதினீர்கள் என்று பார்த்து எந்த வாடிக்கையாளரும் பணம் தருவதில்லை. அந்த 3,000 வெள்ளிக்கு வருவோம்.

நானும் இதே ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். இப்போது செம்பனை நிற்கும் இடத்தில் அப்போது ரப்பர் பால்மரம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. வெட்டு முடிந்து வாளியோடு கொட்டகைக்குப் போனால் அங்கே பாலை நிறுப்பதோடு விட மாட்டார்கள். மெட்ரோலாக் என்ற மிதப்புக் கருவியைப் பாலில் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். காய்ந்த ரப்பரின் கணக்குக்குத்தான் கூலி. அப்பா அந்த எடையையும் ரப்பர் அளவையும் சட்டைப்பையில் வைத்திருந்த சின்ன நோட்டில் அன்றன்றைக்கே எழுதிவிடுவார். தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோலில் (கூலிப் பதிவேட்டில்) கணக்குக் குறைந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். சத்தம் போட மாட்டார். தேதியைச் சொல்வார், எடையைச் சொல்வார், அவ்வளவுதான்.

அவருடைய மகனான நான், 2014-இல் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்கு எட்டு மாதம் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் வேலை செய்தேன். செயலியை என் பெயரிலிருந்த ஆப்பிள் கணக்கிலேயே ஏற்றினேன். வருஷத்துக்கு 99 அமெரிக்க டாலர், மூன்று வருஷம் என் கையிலிருந்து போனது. அவர்கள் தர வேண்டிய 4,000 வெள்ளி இன்றுவரை வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒப்பந்தமே இல்லை என்று நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள். நம் மலேசிய நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். உங்கள் வாட்ஸ்அப்தான் உங்களுடைய நோட்டு. முதல் நாள் பேசிய தொகை, செயலியை ஒப்படைத்த தேதி, அதற்குப் பிறகு கேட்ட ஒவ்வொரு மாற்றம், அதற்கு உங்களுக்கு ஆன மணிநேரம் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதுங்கள். பட்டியலோடு விலைப்பட்டியும் (இன்வாய்ஸ்) அனுப்பி, பணம் வர வேண்டிய நாளைக் குறிப்பிடுங்கள். அது வரும்வரை ஒரு பொத்தானின் நிறத்தைக்கூட மாற்றாதீர்கள்.

அடுத்த வேலைக்கு எழுத்து கட்டாயம். “பணம் தராதவரை கோட் என்னுடையது” என்று நம் பிள்ளைகள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டு நீங்கள் செய்துகொடுத்ததன் உரிமை, மாற்று ஏற்பாடு எதுவும் பேசப்படாவிட்டால், கேட்டவருக்கே போய்விட்டதாகக் கொள்ளப்படும். அதனால் “முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும்” என்ற ஒரு வரியை மறக்காமல் சேர்த்துவிடுங்கள். ஆப்பிள், கூகுள் கணக்குகளும் தளத்தின் முகவரியும் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கட்டும். நீங்கள் உள்ளே போய் வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டால் போதும்.

பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். செய்து கொடுத்த செயலி அப்படியே கிடந்தால் பழசாகிவிடும். 2025 ஆகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலியோ புதுப்பிப்போ ஏற்ற வேண்டுமானால் அதை ஆண்ட்ராய்டு 15-க்கு ஏற்றபடி அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் சொல்லிவிட்டது. இந்த மாதிரி வேலை வருஷா வருஷம் வரும். இதை முதல் நாளே வாடிக்கையாளரிடம் சொன்னால் அவருக்குப் புரியும். பிறகு சொன்னால் ஏமாற்றுவதாக நினைப்பார்.

சரி, ஊர் விஷயம். இங்கிருந்து முடியும். நம் பக்கத்துக் கடைகள் பலவற்றுக்குச் செயலியே வேண்டாம். கைப்பேசியில் சட்டென்று திறக்கிற ஒரு தளம், அதில் வாட்ஸ்அப் பொத்தான், பணம் கட்ட டூயிட்நவ் கியூஆர் இருந்தால் போதும். அதை நேர்மையாகச் சொல்கிற ஆளிடம்தான் மறுபடி வருவார்கள். அப்புறம், தமிழை ஒழுங்காகத் திரையில் காட்டத் தெரிந்தவர்கள் வேண்டும். நமக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து. யூனிகோடிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. இது தெரியாமல் நீளத்தை எண்ணி வெட்டும் நிரல், எழுத்தின் காலையும் கொம்பையும் பிய்த்துப் போட்டுவிடும். கோயில் அறிவிப்பிலும் தமிழ்ப்பள்ளித் தளத்திலும் புள்ளி தொலைந்த எழுத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலையும், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினத்தையும் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். நாம் அதற்குப் பிறகு வந்தவர்கள், இந்தப் பிழையை விட்டுவைக்கக் கூடாது.

அம்மா சம்பளத்தை மட்டும் நினைத்துத் தொழிற்சாலையைச் சொல்லியிருக்க மாட்டார். அங்கே ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப், விபத்துக் காப்பான சொக்சோ இரண்டும் தானாகவே பிடித்துக் கட்டிவிடுவார்கள், பிள்ளைக்கு ஒரு பிடிமானம் இருக்கும் என்று நினைத்திருப்பார். அவர் பயம் நியாயமானது. இபிஎஃப்பில் சொந்தத் தொழில் செய்வோர் தாமாகவே கட்டும் ஐ-சாரான், சொக்சோவில் சுயதொழில் செய்வோருக்கான திட்டம், இரண்டிலும் இந்த மாதமே சேர்ந்துவிடுங்கள். கட்டிய ரசீதை அம்மாவிடம் காட்டுங்கள்.

பட்டியலை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ஈப்போக்காரருக்கு அனுப்பும் முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்